கிரின்ஸ்டெட் முதலில் வாக்களித்த கதை

கிரின்ஸ்டெட்,
டென்மார்க்.
5.10.1986, ஞாயிறு காலை.

என்றும் மறவாத பீற்றர் அத்தானுக்கும் மேரிகிறேஸ் அக்காவுக்கும் ஸ்ரனிஸ்லாஸ் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் அமலராணியும் மகள் கத்தரீனாவும் தேவமாதாவின் காவலில், ஆளுக்கொரு தடிமனைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். நீங்களும் அக்காவும் உங்கள் சோள ஆராய்ச்சியும் அவ்வாறே நலமாக இருக்க வேண்டுகிறோம். கத்தரீனா உங்களுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறாள். அது முழுக்க டெனிஷில் இருக்கிறது. மொழிபெயர்த்து அனுப்பலாம் என்று பார்த்தேன். எனக்கே பாதிதான் விளங்கியது.

அத்தான், நிற்க. போன கடிதத்தில் "உங்கள் தேர்தல் என்ன ஆயிற்று?" என்று ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய விடயமா அது? அந்தத் தேர்தல் நடந்த விதத்துக்கு முழுப் பொறுப்பும் உங்களுடையது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எண்பத்து நாலாம் ஆண்டு மார்ச்சில் ஏம்ஸ் நகரிலிருந்து மன்னாருக்கு எட்டுப் பக்கத்தில் எழுதினீர்களே, அமெரிக்காவில் சனாதிபதி வேட்பாளரைத் தெரிவு செய்யும்போது எல்லா மாநிலமும் ஒரே நாளில் வாக்களிப்பதில்லை, முதலில் உங்கள் ஐயோவா, எட்டு நாள் கழித்து நியூ ஹாம்ஷயர் என்ற இன்னொரு சின்ன மாநிலம், பெரிய பெரிய மாநிலங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான், அதனால் சனாதிபதியாக ஆசைப்படுகிறவர்கள் மாதக்கணக்காகப் பனிக்குள் வந்து பன்றிப் பண்ணைக்காரர் வீட்டுக் குசினியில் இருந்து கோப்பி குடிக்கிறார்கள் என்று. அந்தக் கடிதத்தில் உங்கள் விலாசம் இருந்தபடியால் நான் அதைப் பிறப்புச் சான்றிதழ்களோடு சேர்த்து மடித்து, கிழக்கு பேர்லின் வழியாக இந்த நாடு வரைக்கும் கொண்டு வந்தேன். இங்கே அகதி விசாரணையில் அந்த எட்டுப் பக்கத்தையும் வரிக்கு வரி மொழிபெயர்ப்பித்துக் கேட்ட அதிகாரி, கடைசியில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இதில் நீங்கள் எந்த வேட்பாளரின் பக்கம்?" என்று கேட்டார். எனக்கு அங்கே வாக்கில்லை என்று சொன்னேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

இப்போது கதைக்கு வருகிறேன். சென்ற தைமாதம் வைலே நகரில் எங்கள் யூலண்ட் தமிழர் ஒன்றியத்தின் கூட்டம்; யூலண்ட் என்பது டென்மார்க்கின் மேற்குப் பக்கம், நாங்கள் இருக்கிற பக்கம். முதல் தலைவரைத் தெரிவு செய்ய வேண்டும். வெறும் பட்டத்துக்கான பதவி இல்லை, அத்தான். கொம்யூனக்காரரிடம், அதுதான் இங்கத்தைய நகரசபைக்காரரிடம், போய் எங்களுக்காகக் கதைக்கிற ஆள் யார் என்பதுதான் கேள்வி. எல்லோரையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் சேர்ப்பதென்றால் பனிக்காலத்தில் நடக்காது. கிரின்ஸ்டெட்டுக்கு ரெயிலும் இல்லை, பஸ்ஸும் ஆடிக்கொருதரம். ஊரூராக வாக்கெடுப்பம் என்று முடிவானது. வைலேயில் மண்டபம் மாசி கழிந்துதான் கிடைக்கும், ஓல்போர்க்கில் மார்ச் நடுப்பகுதியில்தான் கிடைக்கும். கிரின்ஸ்டெட்டில் மண்டபமே தேவையில்லை, எங்கள் வீட்டு முன்னறை போதும். என்னை நீக்கிப் பதின்மூன்று வாக்கு. மன்னார்க் கச்சேரியில் அரசாங்க உத்தியோகமாக இருந்து தேர்தல் கடமை பார்த்தவன் என்று என்னைத் தேர்தல் அதிகாரியாகப் போட்டிருந்தார்கள். நான் எழும்பி, அப்படியென்றால் கிரின்ஸ்டெட் முதல் வாக்களிக்கட்டும், உலகத்தில் நடக்காத முறை இல்லை என்று சொல்லி, பையிலிருந்த உங்கள் கடிதத்தை எடுத்து வாசித்தேன். ஓல்போர்க்கிலிருந்து வந்த ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்களிட்டைத் தொண்ணூற்றிரண்டு வாக்கு. பதின்மூண்டு பேர் சொல்லித்தான் தொண்ணூற்றிரண்டு பேருக்கு ஆரெண்டு தெரிய வேணுமோ? ஊரின்ரை பேரிலையே 'ஐயோ, வா' எண்டு கிடக்கு. அந்த முறையோ எங்களுக்கு?"

நான் விடவில்லை. "பெரிய ஊர் முதல் போட்டால் பேந்து எங்களிட்டை ஆர் வரப்போயினம்? உங்கட ஊரிலை நிண்டு மைக்கிலை கத்திப்போட்டுப் போயிடுவினம். சின்ன ஊரெண்டால் ஒவ்வொரு வீட்டையும் ஏறி இறங்க வேணும். அப்பதான் ஆள் ஆரெண்டு தெரியும்" என்றேன். மண்டபம் கிடைக்காத காரணத்தால் நான் வென்றேன்.

வேட்பாளர் மூன்று பேர். சிவபாலன், ஓல்போர்க் பல்கலைக்கழகத்தில் படிக்கிற இளம் பொறியியலாளர். கழுத்துப்பட்டியும் சிவப்புக் காரும். கந்தையா மாஸ்ரர், வைலேக்காரர். ஊரில் முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவர், இங்கே தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவர். வைலேயில் அவரிடம் படித்தவர்கள் மட்டுமே நாற்பது பேர். மூன்றாவது விக்ரோரியா மிஸ்ஸி. மன்னார் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவ, இப்போது வைலேயில் வயோதிபர் இல்லமொன்றில் வேலை. பெண் ஒருத்தியின் பெயரும் கிடக்கட்டுமே என்று யாரோ எழுதிக்கொடுத்த பெயர் அது.

அத்தான், அதற்குப் பிறகு வந்த ஐந்து கிழமை இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். இந்த ஊருக்கு வந்த நாள்முதல் எங்கள் வீட்டு மணியை அடித்தவர் தபால்காரரும், மணி மாறி அடித்த கீழ்வீட்டுக் கிழவரும்தான். இப்போது ஞாயிறு விடிந்தால் வாசலில் கார். சிவபாலன் ஓல்போர்க்கிலிருந்து மூன்று மணித்தியாலம் பனிக்குள் ஓடி வருவான். வந்து அமலராணியின் ஒடியல் கூழைக் குடித்துவிட்டு, "அக்கா, ஒன்றியத்தின்ரை தலைமைச் செயலகமே கிரின்ஸ்டெட்டிலைதான் இருக்க வேணும்" என்பான். அமலராணி இன்னொரு அகப்பை ஊற்றுவா. மாஸ்ரர் வந்தார், இரண்டு மணித்தியாலம் ஒன்றியத்தின் யாப்பை விதி விதியாக எடுத்துரைத்தார், நான் எழுதி ஒட்டியிருந்த தேர்தல் அறிவித்தலில் மூன்று எழுத்துப்பிழையைச் சிவப்புப் பேனையால் திருத்தினார், போகும்போது கத்தரீனாவுக்கு ஏழாம் வாய்பாடு பாடமாக்கக் கொடுத்துவிட்டுப் போனார்.

எங்கள் ஆட்களும் இலேசுப்பட்டவர்கள் இல்லை. இரண்டாம் ஞாயிறிலேயே அவர்களுக்கு ஒரு நடப்பு வந்துவிட்டது. யாரைக் கேட்டாலும், "சிவபாலனை ரெண்டு தரந்தானே சந்திச்சிருக்கிறன், அதுக்குள்ளை எப்பிடிச் சொல்லுறது?" என்கிறார்கள். எல்லோரிலும் பெரிய ஆள் இரத்தினசிங்கம் அண்ணை. ஐம்பது வயது, தனியாள், தொழிற்சாலையில் பொதி கட்டுகிற வேலை, முழங்காலில் தீராத நோ. கதிரையைப் பின்னால் சாய்த்து, "நான் இன்னும் தீர்மானிக்கேல்லை" என்று அவர் சொல்லுகிற தோரணையைப் பார்க்க வேண்டும் நீங்கள். சிவபாலன் அவரைச் சப்பாத்து வாங்க வைலே வரைக்கும் காரில் கொண்டுபோய்க் கொண்டுவந்தான். மாஸ்ரர் அவருக்குப் பக்கத்தில் இருந்து யாப்பை மறுபடி முதலிலிருந்து சொன்னார். இரண்டு பேருக்கும் அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

மிஸ்ஸிக்குக் காரில்லை. நாலாம் ஞாயிறு மத்தியானப் பஸ்ஸில், காலுறை நனைந்து, ஒரு பையோடு வந்து நின்றா. கூட்டத்தில் எழும்பிப் பேசச் சொன்னோம். அவ எழும்பவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் என்ன பேசுறது? உங்களுக்கு என்ன வேணுமெண்டு சொல்லுங்கோவன்" என்றா.

அத்தான், நாலு கிழமையாக எல்லோரும் எங்களுக்கு என்ன தரப்போகிறார்கள் என்று சொன்னார்களே தவிர, இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. நாங்களும் அதுவரை யோசிக்கவில்லை. கடைசியில் இரத்தினசிங்கம் அண்ணைதான், நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: "ஞாயிற்றுக்கிழமையளிலை ஆரும் வந்தால் காணும், மிஸ்ஸி." மிஸ்ஸி சிரிக்கவில்லை. ஓம் என்று தலையை ஆட்டிவிட்டு, அவருடைய முழங்காலைப் பிடித்து அமத்திப் பார்த்து, "இதைச் சூடா வைச்சிருக்க வேணும், அண்ணை. குளிர் படவிடக் கூடாது" என்றா.

இதற்குள் கடைசிப் பஸ் போய்விட்டது. மிஸ்ஸி அன்று எங்கள் வீட்டிலேயே தங்கி, மறுநாள் காலை மேல்வீட்டு ஞானேஸ்வரியோடு மருத்துவிச்சியிடம் போனா. ஞானேஸ்வரிக்கு அப்போது ஐந்து மாதம். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, இரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, வேலைக்குப் போகாமல் படுத்திருக்க வேண்டும் என்று மூன்று தரம் டெனிஷில் சொல்லியிருக்கிறார்கள். ஞானேஸ்வரி மூன்று தரமும் மரியாதையாக "யா, யா" என்று சொல்லிவிட்டு நேரே தொழிற்சாலைக்குப் போயிருக்கிறா. வயோதிபர் இல்லத்துக் கிழவிகளோடு கதைத்துப் பழகிய டெனிஷை வைத்து மிஸ்ஸி அதைக் கேட்டு வந்து சொன்னபோது, அமலராணி குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதா. அன்றைக்கே அவவின் வாக்கு எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தேர்தல் அதிகாரி என்றபடியால் தெரியாத மாதிரி இருந்தேன்.

பெப்ரவரி பதினாறு வாக்கெடுப்பு. எனக்கு எழுபத்தேழாம் ஆண்டு நினைவுதான். மன்னாரில் விடியற்காலையில் வாக்குப் பெட்டியைத் திறந்து, வெறும் பெட்டி என்று எல்லோருக்கும் காட்டி, பூட்டி, அரக்கு உருக்கி முத்திரை வைப்போமே, அந்த அரக்கு மணம் இப்போதும் மூக்கில் இருக்கிறது. வெளியில் ஆட்கள் வெள்ளை உடுத்து, கோயிலுக்கு வந்த மாதிரி வரிசையில் நிற்பார்கள். இங்கே பெட்டியுமில்லை, அரக்குமில்லை. உங்கள் கடிதத்தில் இருந்தபடி, மூன்று வேட்பாளருக்கு மூன்று மூலை, விரும்பின மூலையில் போய் நிற்க வேண்டியதுதான்; நூற்றுக்குப் பதினைந்து வீதம் சேராத மூலைக்காரர் வேறு மூலைக்கு மாறலாம். யன்னலடி மிஸ்ஸிக்கு. குசினி வாசல் மாஸ்ரருக்கு. ஹீற்றர் இருந்த மூலை சிவபாலனுக்கு. வெளியில் சைபருக்குக் கீழே ஒன்பது பாகை என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

ஹீற்றரடியில் ஆறு பேர். யன்னலடியில் ஐந்து பேர், அதில் முதலாவது ஆள் என் மனைவி. குசினி வாசலில் மகேந்திரராசா மட்டும். ஊரில் மாஸ்ரரிடம் படித்தவன். வகுப்பில் வாங்கில் ஏற்றிவிட்ட பிள்ளை மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு தனியே நின்றான். இரத்தினசிங்கம் அண்ணை அறைக்கு நடுவே, தீர்மானிக்காமல். பதின்மூன்றில் ஒன்று பதினைந்து வீதத்துக்குப் போதாது என்று நான் அறிவித்தேன். மகேந்திரராசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "சேருக்குத் தெரிய வந்தால் என்ன சொல்லுவார்?" என்று கேட்டுக்கொண்டே, மெல்ல மெல்ல நடந்து யன்னலடிக்குப் போனான். ஆறுக்கு ஆறு. பன்னிரண்டு பேரும் நடுவில் நின்றவரைப் பார்க்கிறார்கள். தொலைபேசி அடிக்கிறது, ஒருவரும் எடுக்கவில்லை. அண்ணை யன்னலடிக்கு இரண்டு அடி வைத்தார். நின்றார். முழங்காலைத் தடவினார். திரும்பி ஹீற்றரடிக்குப் போனார்.

"அண்ணை!" என்று கத்தினா அமலராணி. "மிஸ்ஸியெல்லோ உங்கட காலைப் பாத்தவ!"

"அவதானே சூடா வைச்சிருக்கச் சொன்னவ" என்றார் அண்ணை.

சிவபாலன் ஏழு, மிஸ்ஸி ஆறு. சட்டப்படி எழுதிக் கையெழுத்து வைத்தேன். ஆனால் நீங்கள் எழுதியது அப்படியே பலித்தது அத்தான். உங்கள் ஐயோவாவில் வெகு தூரத்தில் இரண்டாவதாக வந்தவர், 'ஆர் இவர்?' என்று எழுந்த பேச்சிலேயே எட்டு நாளில் நியூ ஹாம்ஷயரில் முதலாவதாக வந்தாரே, அதேபோல வென்ற சிவபாலனைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. "அந்த மிஸ்ஸிக்கு ஆறாமே? ஆர் அந்த மிஸ்ஸி?" என்று யூலண்ட் முழுக்கத் தொலைபேசி அடித்தது. இரண்டு நாள் கழித்து மாஸ்ரர் போட்டியிலிருந்து விலகிவிட்டார் என்று செய்தி வந்தது. தன்னுடைய ஊர் வாக்களிக்கும் முன்பே, நாற்பது வாக்கைக் கையில் வைத்துக்கொண்டு!

 முப்பது வருடம் படிப்பித்த மனிதரை என் வீட்டு முன்னறையில் வைத்து இறக்கிவிட்டேனே என்று, அடுத்த சனிக்கிழமை மகேந்திரராசாவின் காரில் வைலேக்குப் போனேன். மகேந்திரராசா உள்ளே வர மறுத்து, காருக்குள்ளேயே இருந்துவிட்டான். மாஸ்ரர் கதவைத் திறந்தார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்க முன்பே, இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"தம்பி ஸ்ரனிஸ்லாஸ், பதின்மூண்டிலை ஒண்டு எண்டால் நூற்றுக்கு ஏழு தசம் ஆறு ஒன்பது. இந்த மார்க்குக்கு நான் ஒருத்தனையும் பாஸ் பண்ண விட்டதில்லை."

"உங்கட வைலேயிலை நாப்பது பேர் இருக்கினமே, சேர்!"

"அவை என்னிலை இருக்கிற பயத்திலை போடுவினம். கிரின்ஸ்டெட்டிலை என்னைத் தெரியாத சனம். அதுதான் சரியான சோதினை. அங்கை போட்டவன் ஒருத்தன், அவனும் என்னட்டைப் படிச்சவன். அப்ப உண்மையான மார்க் என்ன? பூச்சியம்." எழும்பிப் போய் யன்னலால் கீழே எட்டிப் பார்த்தார். "அவன் கீழை காருக்குள்ளை குளிருக்கை இருக்கிறான். மேலை வரச் சொல்லும். அடிக்க மாட்டன்."

மூன்று பேரும் தேத்தண்ணி குடித்தோம். மாஸ்ரர் தன்னுடைய நாற்பது பேருக்கும், மிஸ்ஸிக்கே போட வேண்டும் என்று தன் கையால் கடிதம் எழுதி வைத்திருந்தார். பிழையில்லாத கடிதம். மார்ச் இரண்டாம் தேதி வைலேயில் மிஸ்ஸி அமோகமாக வென்றா. பதினாறாம் தேதி ஓல்போர்க்கில், சிவபாலனின் சொந்த ஊரிலேயே, வாக்கு ஏறத்தாழப் பாதிபாதியாகப் பிரிந்தது. எல்லாம் கூட்டிப் பார்க்கையில் மிஸ்ஸிதான் முதல் தலைவர். சிவபாலனைச் செயலாளராக்கினா. மருத்துவிச்சியிடம் போகிற எங்கள் பெண்களுக்கு மொழிபெயர்ப்பாளர் ஒருவர் கட்டாயம் வேண்டும் என்று கொம்யூனக்காரரிடம் கேட்டதுதான் அவவின் முதல் வேலை. ஜூனில் ஞானேஸ்வரிக்குப் பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம்.

ஆனால் அத்தான், வாக்கெடுப்புக்கு அடுத்த ஞாயிறு எங்கள் வாசலில் ஒரு காரில்லை. வேட்பாளர் எல்லோரும் வைலேயில். அமலராணி பழக்கத்தில் பெரிய பானையில் சமைத்துவிட்டா. பானையைப் பார்ப்பதும் யன்னலைப் பார்ப்பதுமாக இருந்தோம். ஐயோவாவில் வாக்களித்த மறுநாள் காலையில் வீதி எப்படி இருக்கும் என்று நீங்கள் எழுதவில்லையே என்று அப்போதுதான் நினைத்தேன். மூன்று மணிபோல இரத்தினசிங்கம் அண்ணை வந்தார். பிறகு மேல்வீட்டுக்காரர். பிறகு மகேந்திரராசா. ஐந்து கிழமை வந்து பழகின கால்கள், வீட்டில் நிற்காதாம். ஒரு வேட்பாளரும் இல்லாமலே பதின்மூன்று பேரும் கூடிவிட்டார்கள். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு ஞாயிறும் தவறவில்லை. முந்தி நாங்கள் தொழிற்சாலையில் ஒருவரை ஒருவர் கண்டு தலையாட்டிவிட்டுப் போகிற ஆட்கள், அத்தான். முதலில் வாக்களித்ததால் கிடைத்தது இதுதான்.

இப்போது நான் உங்களிடம் கேட்கிற உதவி. நவம்பர் ஒன்பதாம் தேதி ஒன்றியத்தின் பொதுக்கூட்டம். இனிமேல் எல்லா ஊரும் ஒரே நாளில் தபால் மூலம் வாக்களிக்க வேண்டும் என்று ஓல்போர்க்காரர் பிரேரணை கொண்டுவருகிறார்கள். இதை எதிர்த்து நான் பேசப்போகிறேன். சின்ன ஊர் முதலில் வாக்களிப்பதுதான் நீதி, அதுதான் மனிதரை மனிதர் முகம் பார்த்துத் தெரிவு செய்கிற முறை என்று, ஐயோவாவில் இருந்து நேரில் பார்த்தவர் என்ற வகையில், நீங்கள் உங்கள் பல்கலைக்கழகத் தாளில் தட்டச்சில் ஒரு கடிதம் எழுதி உடனே அனுப்ப வேண்டும். ஆங்கிலத்தில் எழுதினால் மதிப்புக் கூட. உயிருள்ளவரை கிரின்ஸ்டெட்டின் இந்த உரிமையை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அக்காவுக்கு என் அன்பு. சோளத்துக்கு நடுவிலும் செபமாலையை விடவேண்டாம் என்று அமலராணி சொல்லச் சொன்னா. உங்கள் இருவரையும் எல்லாப் புனிதர்களும் குளிரிலிருந்தும் காய்ச்சலிலிருந்தும் காப்பார்களாக.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்,
செ. ஸ்ரனிஸ்லாஸ்
(தேர்தல் அதிகாரி)

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் அமலராணி ஒரு கடதாசியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தா. ஆவணி மாதமே எனக்குச் சொல்லாமல், மிஸ்ஸியைக் கொண்டு எழுதுவித்து, ஓல்போர்க் ஆஸ்பத்திரியில் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறா. கிடைத்துவிட்டது. நவம்பர் முதலாம் தேதி தொடக்கம். வெள்ளிக்கிழமையே வந்த கடிதத்தை, நான் இந்தக் கடிதத்தை எழுதி முடிக்கட்டும் என்று வைத்திருந்தாவாம். ஆகையால் அத்தான், மேலே கேட்ட கடிதத்தை எழுத வேண்டாம். எழுதத் தொடங்கியிருந்தால் நிறுத்திவிடவும். ஆற அமர யோசித்துப் பார்த்தால், நாங்கள் ஓல்போர்க்குக்குக் குடிபோனபின் ஒரு பன்னிரண்டு பேர் முதலில் சொல்ல, தொண்ணூற்றிரண்டு பேர் கடைசிவரை காத்திருப்பது எந்த ஊர் நியாயம்? ஓல்போர்க்கே முதலில் வாக்களிக்க வேண்டும் என்பதற்கு உங்கள் பக்கத்தில் ஏதும் ஆதாரம் கிடைத்தால், அதே பல்கலைக்கழகத் தாளில், கூட்டத்துக்கு முன் கிடைக்கும்படி அனுப்பவும். இன்றும் மூன்று மணிக்கு எல்லோரும் வருவார்கள். இரத்தினசிங்கம் அண்ணைக்கு யார் சொல்வது என்று நானும் அமலராணியும் இன்னும் தீர்மானிக்கவில்லை.